மஞ்சள் சட்டைக்குப் பின்னால்

ஆறு நாளாக மிலேனா ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டு சைக்கிள் மிதித்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. அதன் நடுவில் வியர்வை, காலை ஒன்பது மணிக்கு உள்ளங்கை அளவு, மத்தியானத்துக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவு. குறுக்கே தோல் வாரில் தொங்கும் ஒரு பழைய பை. அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் செவெரின், எழுபத்து மூன்று வயது, ரிடையர் ஆன தபால்காரர். தார்னுவ் ஊர் சைக்கிள் சங்கத்தார் போலந்திலிருந்து கிளம்பி, ஸ்லோவாக்கியாவைக் குறுக்கே கடந்து, ஹங்கேரியில் டான்யூப் கரை வரை போகும் ஆகஸ்ட் மாதப் பயணம் அது. மொத்தம் பதினொரு பேர். ஒன்பது பேர் எங்கேயோ முன்னால் பறந்துகொண்டிருந்தார்கள். பத்தாவது ஆள் செவெரின். பதினோராவது மிலேனா.

அவள் கடைசியில் வந்தது முடியாமல் இல்லை. சங்கத்துக்கு ஒரு மஞ்சள் சட்டை உண்டு, சாலை வேலைக்காரர்கள் போடுவது மாதிரி, கை இல்லாமல், மற்ற உடைக்கு மேலே மாட்டிக்கொள்வது, பளபளவென்று. அதைப் போட்டவர் எல்லாருக்கும் பின்னால்தான் வர வேண்டும். யார் நின்றாலும் நிற்க வேண்டும். யாரையும் முந்தக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே மிலேனா முந்திப் போனாள். கால் சும்மா இருக்கவில்லை, என்ன செய்வது. பின்னால் வந்த ஹொனோரத்தா பள்ளத்தில் விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து, இரண்டு மணி நேரம் கேட்பாரற்றுக் கிடந்தாள். அன்றிலிருந்து சட்டை மிலேனாவுக்கே நிரந்தரம். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் இன்றைக்கு மட்டும் அது தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. இன்றைக்குச் செர்டொவிட்சா கணவாய். மலுஜினா என்கிற சின்ன ஊரிலிருந்து உச்சிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற்றம். இருபத்து நாலு வயதில் இதே சாலையில், உச்சிக்கு இன்னும் ஒரே கிலோமீட்டர் இருக்கும்போது, மிலேனா காலைக் கீழே ஊன்றிவிட்டாள். அப்புறம் ஏற முடியவில்லை. அந்தக் காலத்தில் சாமான் ஏற்ற ஒரு வேன் கூடவே வரும். சைக்கிளை அதன் மேலே போட்டு, இவளை உள்ளே போட்டுக் கொண்டுபோனார்கள். உச்சியில் எடுத்த போட்டோவில் எல்லாரும் அவரவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று எத்தனையோ வலிக்கு மாத்திரை கொடுத்தாகிவிட்டது, அந்த ஒரு கிலோமீட்டர் மட்டும் ஆறவில்லை. அக்டோபரில் வலது முழங்காலுக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு மலை கிலை என்று பேச்செடுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, ஊன்றாமல் ஏறுவதென்றால் இன்றைக்குத்தான் ஏற வேண்டும். செவெரின் போகிற வேகத்தில் ஏற்றத்தில் போனால் எந்தச் சைக்கிளும் நிற்காது, ஆடிச் சாயும். சாய்ந்தால் கால் தானாகக் கீழே போகும்.

காலையில் கூடாரத்தைச் சுருட்டும்போதே தலைவனிடம் போய் நின்றாள். ஓல்கியர்ட் ரொட்டிமேல் வெள்ளரி ஊறுகாயை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஓல்கியர்ட், இன்னிக்கு ஒரு நாள் இந்தச் சட்டைய வேற யாருக்காவது குடேன்.”

“யாருக்குக் குடுக்கறது? இந்த மலைய ஏறத்தான எல்லாரும் லீவு போட்டு வந்திருக்காங்க.”

“சரி, செவெரின் ஐயாவையாவது முன்னால அனுப்பு. அவர் பின்னால போறதுக்கு நான் உருட்டிட்டே போயிரலாம்.”

“சொல்லாம இருப்பேனா? தெனம் சொல்றேன். தொப்பியத் தூக்கிச் சிரிக்கிறாரு, மறுபடி கடைசிக்கே வந்துர்றாரு. நான் என்ன கயிறு கட்டியா இழுக்க முடியும்?”

ஹொனோரத்தா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “விடுடி. எனக்குப் போனது ஒரு எலும்பு. உனக்கு ஆயுள் தண்டனை. கணக்கு சரியாத்தான இருக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். மிலேனாவும் சிரித்துவைத்து, மஞ்சள் சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்.

மலுஜினாவில் ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் செவெரின் மளிகைக் கடை முன்னால் இறங்கினார். முத்திரை வாங்க. போகிற ஊரிலெல்லாம் ஏதாவது கடையிலோ சர்ச்சிலோ கைப்புத்தகத்தில் ஒரு முத்திரை குத்திக்கொண்டால், அதைக் காட்டிச் சங்கத்தில் பேட்ஜ் வாங்கலாம். மற்றவர்கள் நாளைக்கு ஒன்று குத்துவார்கள். இந்த மனிதர் பெட்டிக்கடையைக்கூட விடுவதில்லை. மிலேனா வெயிலில் நின்று பெருமூச்சு விட்டாள். ஆறு நாளில் அவள் விட்ட பெருமூச்சில் ஆள் ஏறிப் பறக்கும் பலூனையே ஊதியிருக்கலாம்.

“வந்துட்டேன் அம்மணி, வந்துட்டேன்,” என்று பையை மூடிக்கொண்டே வந்தார். “பிளம்ஸ் சாப்பிடுறீங்களா?”

“வேண்டாங்க ஐயா. போலாமா?”

போனார்கள். போனார்கள் என்று சொல்வதே மிகை. ஓடை ஒரு பக்கம், ஊசியிலைக் காடு ஒரு பக்கம், நடுவில் நீலக் கட்டம். மிலேனா பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினாள். உலகத்தில் யாராவது பிரேக் பிடித்துக்கொண்டு மலை ஏறுவார்களா? அவள் ஏறினாள். ஹேண்டில் இடமும் வலமும் அலைந்தது. இரண்டு தடவை சாயப் பார்த்து, சாலையோரத் தடுப்பைக் கையால் தள்ளி நிமிர்ந்தாள். கை பட்டால் பரவாயில்லை, கால்தான் படக்கூடாது என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

ஏழு கிலோமீட்டர் இப்படியே. விஷ்னா போட்சா வந்தது, உச்சிக்கு முன்னால் கடைசி ஊர். அங்கே ஒரு பீர்க்கடை வாசலில் செவெரின் மறுபடி இறங்கினார். “ஒரே ஒரு முத்திரை அம்மணி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மிலேனாவால் நிற்க முடியாது, நின்றால் ஊன்ற வேண்டும். முந்தவும் முடியாது. ஆகவே கடை முற்றத்தில் சுற்ற ஆரம்பித்தாள். பீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு விறகு வெட்டிகள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செக்குமாடு மாதிரி சுற்றும் இந்தப் பொம்பளையைப் பார்த்தார்கள். பத்துச் சுற்று, இருபது சுற்று. முழங்கால் விண்விண் என்றது. முப்பதாவது சுற்றில் செவெரின் வெளியே வந்தார்.

“என்ன அம்மணி, தலை சுத்தலையா?”

“காலக் கீழ வெக்கக் கூடாதுங்க ஐயா.” சுற்றிப் போனாள், திரும்பி வந்தாள். “இந்த மலைய ஊன்றாம ஏறணும். இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்ல.” போனாள், வந்தாள். “நீங்க தயவுசெஞ்சு கொஞ்சம் வேகமாப் போங்க. உங்கள முந்த எனக்கு அனுமதி இல்ல.”

அவர் தொப்பியைக் கழற்றினார். “நானா? நான் உங்களுக்காகத்தான மெதுவா வரேன்.”

மிலேனா ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தாள். “எனக்காகவா?”

“மொத நாளே பாத்தேன், உங்களக் கடைசியில தனியா விட்டுட்டு எல்லாரும் போயிட்டாங்க. பெருமூச்சு பெருமூச்சா விட்டுட்டு வந்தீங்க. பாவம், முடியலபோல, நாமளாவது கூட இருப்போம்னு நெனச்சேன்.”

“அது மூச்சு வாங்கறது இல்லங்க. எரிச்சல்.”

“அடடே,” என்றார் செவெரின்.

“அப்ப முத்திரை?”

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். குறுக்கெழுத்துப் போட்டிப் புத்தகம். கட்டத்துக்கு மேலே கட்டமாக, சர்ச்சும் மளிகைக்கடையும் பீர்க்கடையும் குத்திய முத்திரைகள். “எனக்கு பேட்ஜெல்லாம் எண்பத்தெட்டுலயே வந்தாச்சு. நீங்க கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமேன்னுதான் நின்னு நின்னு வந்தேன்.”

ஆறு நாள். மிலேனா தாடையால் சாலையைக் காட்டினாள். “சரிங்க ஐயா. இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல. போங்க முன்னால.”

“அது முடியாது அம்மணி. ஒரு பொம்பளைய ரோட்டுல கடைசியா விட்டுட்டு நான் முன்னால போறதா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல.”

“ஐயா, எனக்குக் கால் போகுது.”

“அந்தச் சட்டையக் கழட்டி என்கிட்டப் போடுங்க,” என்றார் அவர். “அத யார் போட்டிருக்காங்களோ அவங்கதான கடைசி? நான் போட்டுக்கறேன். நீங்க போயிட்டே இருங்க.”

இவ்வளவுதானா? இதற்கா ஆறு நாள்? மிலேனா இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்து, சுற்றிக்கொண்டே ஜிப்பை இறக்கி, சட்டையை உருவி எறிந்தாள். கிழவர் அதை ஒரே தாவலில் பிடித்தார். விறகு வெட்டிகள் கை தட்டினார்கள்.

அப்புறம் அவள் போன வேகம் இருக்கிறதே, அதைச் சும்மா சொல்லக் கூடாது. மூன்று வருஷமாகக் கட்டிப் போட்டிருந்த கால்கள். வளைவுக்கு வளைவு எழுந்து நின்று மிதித்தாள். வியர்வை கண்ணில் இறங்கிற்று, முழங்கால் கத்திற்று, அவள் காது கொடுக்கவில்லை. பழைய இடம் வந்தது. பாறையில் தண்ணீர் கசிகிற அதே வளைவு. வேன் நின்ற இடத்தில் இப்போது மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. நாக்கு உலர்ந்து, இடது தொடை பிடித்துக்கொண்டது. “நாசமாப் போ,” என்று அந்த வளைவைத் திட்டிவிட்டு ஏறிப் போனாள்.

உச்சியில் ஒன்பது பேரும் விடுதி வாசலில் ஆட்டுப்பால் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிலேனா வாயெல்லாம் சிரிப்பாக வந்து சேர்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

“சட்டை எங்க?” என்று ஓல்கியர்ட் எழுந்தான். “அவர் எங்க?”

“பின்னால வரார். சட்டைய அவர்தான் போட்டிருக்கார். அவர் நல்லா ஓட்டுவார், ஓல்கியர்ட். எனக்காகத்தான் இத்தனை நாளும்...”

“எழுபத்து மூணு வயசு ஆளக் கடைசியா விட்டுட்டு வந்தியா?”

ஹொனோரத்தாவின் கை அவளை அறியாமலே தன் தோள்பட்டைக்குப் போனது. மிலேனா அதைப் பார்த்தாள்.

அவள் இன்னும் இறங்கவில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தில் சுற்றிக்கொண்டே சாலையைப் பார்த்தாள். நன்றாக ஓட்டுகிறவர் என்றால் ஐந்து நிமிஷத்தில் வந்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு லாரி வந்தது, இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தது. கால் மணி நேரம். பள்ளத்தில் கிடக்கும் மஞ்சள் நிறம் ஒன்று கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டது. மறுபடியும் செய்துவிட்டேன், மறுபடியும். ஹேண்டிலைத் திருப்பினாள். பின்னால் ஓல்கியர்ட் ஏதோ கத்தினான். ஏறி வந்த மலையில் அப்படியே இறங்கினாள்.

ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மரக்கட்டை வளைவில் மஞ்சள் தெரிந்தது. நின்றபடி இல்லை, விழுந்தபடியும் இல்லை. வந்துகொண்டிருந்தது. ஆடி, அசைந்து, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கோலம் போட்டபடி. முகம் பீட்ரூட் நிறம். வாய் திறந்திருந்தது. முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். அந்த முழுப் பலமே ஆறு நாளாக அவள் பார்த்த அதே வேகம்தான்.

மிலேனாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. நின்று நின்று முத்திரை குத்தியது யாருடைய ஓய்வுக்கு என்பதும் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அவர்மேல் பொங்கிக்கொண்டு வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாலையில் வளைந்து திரும்பி அவருக்குப் பின்னால் வந்தாள்.

“அம்மணி,” என்றார் அவர், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டு. “சட்டம் என்ன? மஞ்சள் சட்டைக்குப் பின்னால யாரும் வரக் கூடாது.”

அவள் முந்திப் போய் அவருக்கு முன்னால் வந்தாள். பிரேக்கைப் பிடித்தாள். அவர் வேகத்துக்கு ஏறினாள், ஹேண்டில் ஆட ஆட. காலையில் இப்படி ஆடியபோது வந்த கோபம் இப்போது வரவில்லை. உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. பின்னால் அந்த மூச்சு பழைய மோட்டார் பம்பு மாதிரி இரைந்தது.

“ரொம்ப மூச்சு வாங்குதுங்களே ஐயா. கொஞ்சம் நிப்போமா?”

“மூச்சு வாங்கல.” நாலு மிதி மிதித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை வந்தது. “எரிச்சல். முன்னால போறவங்க ரொம்ப மெதுவாப் போறீங்க.”

மிலேனா சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாயப் பார்த்தது. தடுப்பைக் கையால் தள்ளி நிமிர்ந்தாள். கால் கீழே படவில்லை, அவருக்கும்தான்.