மூன்றாவது புள்ளி

அன்று மாலை லேத் பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி சவுரிராயன். மெக்கானிக் திருமுருகன், எங்களுக்கு வரும் வேலையில் பாதி அவன் கொண்டுவருவது. மரக்காணம் கடற்கரையில் நாலு சக்கர பைக்கை வாடகைக்கு விடும் சுகுமார். நைட் ஷிப்ட் பார்க்கும் நான். மேஜைமேல் ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டனும் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டும் கிடந்தன.

திண்டிவனத்தில் அந்த வருஷம் பகல் கரண்டை நம்பி லேத் ஓட்ட முடியாது. எங்கள் தெருவில் ராத்திரியில் மட்டும் அது போகாது. அதனால்தான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட என்னை சவுரிராயன் ராத்திரிக்கு வைத்தார். எனக்கும் யார் முகத்தையும் பார்க்காத வேலை பிடித்திருந்தது. வேறு வேலை தரவும் ஆள் இல்லை.

சுகுமாரின் வண்டி டூ ஸ்ட்ரோக். மணலில் இரண்டு பேர் ஏறினால் திணறும். ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் உள்ளே இடம் குறைந்து கம்ப்ரஷன் ஏறும், இழுவை கூடும். அளவு மீறினால் சூட்டில் பிஸ்டன் தலை உருகிவிடும். நான் ஒரு மில்லிமீட்டர் சீவினேன். இதற்கு மேல் கூடாது என்று திருமுருகனிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அரை மில்லி எடுத்தால் ஹெட்டின் ஓரத்தில் பஞ்ச் என்கிற கூர் உளியால் ஒரு புள்ளி தட்ட வேண்டும். அடுத்து கை வைப்பவன் பார்த்துத் தெரிந்துகொள்வான். சவுரிராயன் ஆரம்பித்த வழக்கம் அது. நான் தட்டியது இரண்டு.

சுகுமார் கத்தவில்லை. ஜோடி ஒன்றை ஏற்றிக்கொண்டு போகும்போது இன்ஜின் கடகடவென்று அடித்து நின்றதையும், அந்தப் பையன் சிரித்ததையும், வண்டியை மணலில் தள்ளிக்கொண்டு வந்ததையும் சொன்னான். பிறகு என்னைக் காட்டி, "உங்க ஆளு ஓவரா சீவிட்டாண்ணே" என்றான்.

சவுரிராயன் ஹெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அளக்கத் தெரியாதவன் கையில் இனி மிஷினைக் கொடுக்க முடியாது என்றார். பழுதாகி வந்த எதையும் முதலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷன் அவர். இதை ஏன் பார்க்கவில்லை?

நான் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் மூன்று புள்ளிகள்.

கேட்டதும் சுகுமார் மறைக்காமல் சொன்னான். முதல் தடவை வண்டி நன்றாக இழுத்ததாம், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஹெட்டைக் கழற்றித் திருமுருகனிடமே கொடுத்தானாம். திருமுருகன் ஸ்க்ரூ டிரைவரால் நகத்து அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தான்.

"பட்டறையிலதான் குடுத்தேன்" என்றான். யாரிடம் என்று சொல்லவில்லை.

அவன்மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம். கண்ணாடிமேல் எமரித் தாள் ஒட்டி, ஹெட்டைக் கையாலேயே தேய்க்கிறவன். ஆனால் மூன்றாவது புள்ளியும் பிறை மாதிரி இருந்தது. எங்கள் பஞ்ச் உளியின் முனை உடைந்தது, அது மட்டும்தான் அப்படிப் பதியும். அதை டிராயரில் வைத்துப் பூட்டுவோம்.

"ரெண்டு சாவிதான்" என்றார் சவுரிராயன். "ஒண்ணு எங்கிட்ட கீது, ஒண்ணு உங்கிட்ட. நான் கை வைக்கல."

ஹெட்டைத் திருப்பி டியூப் லைட்டில் பிடித்தேன். சீவின இடத்தில் மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாக ஓடின. நடுவில் ஒரே ஒரு வளையம் மட்டும் ஆழமாக இருந்தது. டூல் சீவிக்கொண்டிருக்கும்போதே லேத் நின்றுபோனால் அந்த இடத்தில் தடம் விழும். அதை எடுக்க மறுபடி ஓட்டினால் இன்னும் ஆழம் போகும். அதற்குப் பயந்து அப்படியே விட்டிருக்கிறார்கள்.

"மொதலாளி, இது கரண்ட் போனப்ப வுழுந்த வளையம். பகல்ல ஓட்டினது."

திருமுருகன் நகத்தை விட்டுவிட்டான். சுகுமாருக்குப் புரியவில்லை, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. திருமுருகன் கேட்டு முதலாளி இல்லை என்று சொன்னதில்லை. அளவு மீறுகிறோம் என்று தெரிந்தேதான் சீவியிருப்பார். சீவி முடித்ததும் அத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகவே போய்ப் புள்ளியைத் தட்டிவிட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. என் கையிலிருந்து ஹெட்டை வாங்கி அந்த வளையத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"போய் நாலு டீ வாங்கிக்கினு வா. சாவிய மேஜைல வச்சிட்டுப் போ. எங்கனா வுழுந்துடப் போவுது."

இத்தனை மாதத்தில் என் சாவி எங்கேயும் விழுந்ததில்லை. சுகுமாரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் புது பிஸ்டனும் வேறு ஹெட்டும் மாட்டித் தருவதாகத் திருமுருகன் அவன் காதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது போதும். அதற்குப் பிறகு அவன் என் பக்கம் திரும்பவில்லை.

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனைகூடத் தாண்டவில்லை, உள்ளே லேத் ஓடும் சத்தம் கேட்டது. ஹெட்டை லேத்தின் பிடியில் மாட்டிவிட்டார்கள். வளையம் போய்விடும். புள்ளிகளை அரத்தால் தேய்த்தால் அவையும் போய்விடும்.

திரும்பி நடந்தேன். வாசலுக்கு வருவதற்குள் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். உள்ளே பூட்டில் சாவி திரும்பியது.