சுருட்டை வயலில் துரு

என் பெண்டாட்டிக்குப் பயிர் நோய் ஆராய்ச்சிதான் உத்தியோகம். கோதுமை இலையில துரு பிடிச்ச மாதிரி ஒரு நோய் வரும். வந்தா வயலே காலி. அதுக்கு அசையாத ஒரு ரகத்தை மாடா உழைச்சு உண்டாக்கினா. அறுவடை முடிஞ்சதும் ஊரறிய அறிவிக்கிறதா ஏற்பாடு. மேடை, பாராட்டு, பதவி உயர்வு எல்லாம் தயார். எனக்குத் தலைகால் புரியல.

இந்த மகராசி என்ன பண்ணினா தெரியுமா? அதே விதையை அஞ்சு நாட்டு விஞ்ஞானிகளுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பினா. நோய் ஒவ்வொரு நாட்டுல ஒவ்வொரு குணம் காட்டுமாம், எல்லா இடத்துலயும் தாங்குதான்னு பார்க்கணுமாம். அதுல ஒருத்தன் சுருட்டை. அவன் தலைமுடியைப் பார்த்து நான் வச்ச பேரு. இவளை முந்தணும்னே வருஷக்கணக்கா போட்டி போடுறவன். எனக்கு வந்துச்சே கோபம்! நான் டயர் கடை வச்சிருக்கேன். எதிர்க்கடைக்கு என் சரக்கையே தூக்கிக் கொடுப்பேனா? உனக்குப் பிழைக்கத் தெரியாதுடின்னு கத்தினேன்.

"அவர் ஊர்லயும் ஜனங்க ரொட்டிதானே சாப்பிடுறாங்க" அப்படின்னுட்டுப் போயிட்டா.

அறிவிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுருட்டை போன் பண்ணினான். மத்த நாலு நாட்டுலயும் பயிர் ஜம்முனு நிக்குது, அவன் வயல்ல மட்டும் போச்சு. புதுசா ஒரு துரு கிளம்பியிருக்காம். காத்துல பறக்கிற நோய், எல்லை கில்லை பார்க்காது. இன்னைக்கு அங்க, நாளைக்கு எங்கயும் வரலாம். இவ முகம் செத்துப்போச்சு. இப்போதைக்கு வாயை மூடிக்கிட்டு அறிவிச்சுடு, அப்புறம் பார்த்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். காதுலயே போட்டுக்கல. நேரா ஆராய்ச்சி நிலைய இயக்குநர்கிட்ட போய் எல்லாத்தையும் நிறுத்திட்டு வந்துட்டா.

மறுநாள் ஆறு பேரும் கம்ப்யூட்டர்ல கூடினாங்க. நான் சமையலறை வாசல்ல நின்னு பார்த்தேன். இவ சுத்தி வளைக்கல.

"என் ரகம் தோத்துடுச்சு. யாரும் விவசாயிங்களுக்குக் கொடுத்துடாதீங்க."

நாலு நாட்டுல ஜெயிச்சதைப் பத்தி மூச்சு விடல.

அப்புறம் சுருட்டை மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் காட்டினார். ஆமா, அதுக்கப்புறம் அவரை அவன் இவன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உறைக்குள்ள இருந்தது அவரே உண்டாக்கின ரகத்தோட விதை. புதுத் துருவுக்குத் தாங்குது, பழசுக்குத் தாங்கல. வெளியில சொன்னா இவ முந்திடுவான்னு பயந்து மறைச்சு வச்சிருந்தாராம். ரெண்டையும் சேர்ப்போம், யார் பேருங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்னார்.

இன்னொரு நாட்டு அம்மா எழுந்து போய் ஒரு விதை டப்பாவோட வந்தாங்க. அப்புறம் இன்னொருத்தர் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். ஆளாளுக்குப் பொத்திப் பொத்தி வச்சிருந்ததெல்லாம் அந்தச் சின்னத் திரைக்கு வந்துடுச்சு. எப்பேர்ப்பட்ட மனுஷங்க!

எல்லாம் முடிஞ்சதும் இவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினா.

"மறுபடி முதல்லேர்ந்து. இன்னும் ஏழெட்டு வருஷம் ஆகும். பதவி உயர்வும் கிடையாது. உங்க கடையை வச்சு ஓட்ட முடியுமா?"

"ராஜா மாதிரி ஓட்டலாம்"னு சொன்னேன். "நீ வேலையைப் பாரு."