மாதவராஜின் லேசர் தட்டு

"அத எறக்கி வெய்யிங்க" என்றாள் சோபனா.

காயலாங்கடை மாரியப்பன் இரண்டு கையாலும் தூக்கிய, படம் போடும் பழைய பிளேயரை டெம்போவில் வைப்பதா தரையில் வைப்பதா என்று தெரியாமல் நின்றான். அவனை வரச் சொன்னது சோபனாவின் சித்தப்பா வெங்கடாசலம். இறந்தது அவருடைய அண்ணன், சோபனாவின் அப்பா மாதவராஜ். விடியற்காலையில் போன உயிர். உடம்பு கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறது, அதற்குள் முன்னறையைக் காலி செய்ய ஆள் வந்தாயிற்று.

"வர்றவங்க உக்கார எடம் வேணாமா கண்ணு?" என்றார் சித்தப்பா. "முப்பது வருசமா ஓடாத பொட்டி. கம்பைநல்லூரே சிரிச்சது போதும். இன்னிக்கு ஒரு நாளாச்சும் எங்கண்ணன் மானத்தோட போவட்டும்."

"ஓடும் சித்தப்பா."

"எங்க ஓடுச்சு? நீ பாத்தியா?"

சோபனாவுக்குக் காலையிலிருந்து அழுகை வரவில்லை. இப்போது வந்ததும் கோபம்தான்.

ஊரே வீடியோ கேசட்டுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மாதவராஜ் பெங்களூர் போய் லேசர் டிஸ்க் பிளேயர் வாங்கி வந்தவர். தோசைக்கல் அகலத்தில் வெள்ளி வெள்ளியாய்த் தட்டுகள். நாடா சிக்காது, எத்தனை தடவை போட்டாலும் தேயாது என்று சைக்கிளில் மைக் கட்டிக்கொண்டு சொன்னார். தட்டுக் கடை திறந்தது ஆயுத பூஜை அன்று. தொழில் செய்கிற சாமானைப் பொட்டில்லாமல் விடுவதா என்று அவர் மனைவி கலைமணி ஒவ்வொரு தட்டின் பளபளப்பான முகத்திலும் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். ஊர் கூடி உட்கார்ந்த முதல் படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே திக்கித் திணறி நின்றது. கரண்டு சரியில்லை என்று மாதவராஜ் சமாளித்தார். பொட்டு விஷயம் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த கதை. வெளியே ஒட்டிக்கொண்டது 'ஓடாத தட்டு' என்ற பெயர்.

பெயர் மட்டும் கடையைக் கவிழ்க்கவில்லை. தட்டுகளைத் துடைத்த பிறகு நன்றாகத்தான் ஓடின. வந்த நாலு பேரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "எங்க வூட்டுக் கல்யாணத்த இதுல ஏத்தித் தருவீங்களா?" அதில் எதையும் ஏற்ற முடியாது. கம்பெனிக்காரன் பதிந்து அனுப்பியதைத்தான் பார்க்கலாம். அதிலும் தமிழ்ப் படம் தேடினால் கிடைக்காது. எதிர்க்கடை கேசட்டில் காதுகுத்து ஓடியது, கெடா வெட்டு ஓடியது, பந்தியில் பாயசம் குடித்தவன் மூஞ்சி ஓடியது. தன் மூஞ்சி வராத பெட்டிக்கு எவன் வருவான்? அப்புறம் கையகல சிடி வந்து அந்தக் கேசட் கடையும் மூடிப்போனது. ஆனால் அந்தக் கேசட் கடைக்காரனை யாரும் தோற்றவன் என்று சொன்னதில்லை. அதுதான் சோபனாவுக்கு ஆறவே ஆறாது.

"ஓட்டிக் காட்டறேன்" என்றாள். "ஓடலன்னா அப்பாவுக்கு முன்னாடி இது போவட்டும். ஓடிடுச்சுன்னா அந்தப் பேர இனிமே யாரும் சொல்லக் கூடாது."

"சாவு வூட்டுல டிவியா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள். "துண்டு போட்டு மூடி வெச்சிருக்கறதப் போயி..."

கலைமணி ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். கோயமுத்தூரிலிருந்து வரும் மகன் ரஞ்சித்குமார் தொப்பூர் கணவாயில் நிற்கிறான். முன்னால் லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம்.

சோபனா டிவிமேல் கிடந்த துண்டை உருவினாள். பிளேயரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். ஐஸ் பெட்டிக்கு இழுத்திருந்த ஒயர் பெட்டியில் இன்னொரு இடம் காலியாக இருந்தது. அதிலேயே செருகினாள்.

முதல் தட்டு சுற்றியது. திரை முழுக்கக் கலர் புள்ளிகள் கொட்டின. உள்ளே துரு ஏறிவிட்ட தட்டு. வாசலில் இரண்டு பேர் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை, பாவம் என்று பார்த்தார். சிரித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது சோபனாவுக்கு. மாரியப்பன் மெதுவாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"இருங்க" என்றாள். அடுத்த தட்டைப் போட்டாள்.

கடல் வந்தது. அடிவரைக்கும் தெரிகிற நீலத் தண்ணீர். மஞ்சளும் கறுப்புமாக மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. யாரோ ஒருவர் எந்த நாட்டுப் பாஷையிலோ தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். சென்னம்மாள் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

"இது என்னா மீனு, கெளுத்தியா?"

"கெளுத்திக்கு இத்தன கலரு ஏதுக்கா" என்றான் மாரியப்பன், உட்கார்ந்துகொண்டே.

சித்தப்பா மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றார். ஐஸ் பெட்டியின் சத்தமும் பிளேயரின் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அப்பா தனியாக உட்கார்ந்து இதைப் பார்த்த ராத்திரிகளில் தான் ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்காரவில்லையே என்று சோபனாவுக்குத் தோன்றியது. அப்போதுதான் அழுதாள்.

மகன் வந்து பெட்டிமேல் விழுந்து அழுது எழுந்தபோது திரை சட்டென்று வெறும் நீலமானது. மீன் இல்லை, குரல் இல்லை.

"பாத்தியா? இதான். பாதியில நின்னுடும். அதான் எவனும் வாங்கல" என்றார் சித்தப்பா. "சரி, புள்ளயும் வந்துட்டான். குழி ரெடியா இருக்குது. தூக்கலாம்."

பாடை தூக்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள்.

கலைமணி எழுந்தாள். சாவு வீட்டில் தலைமாட்டை விட்டு எழக் கூடாது என்று சென்னம்மாள் கையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள். பிளேயரின் பொத்தானைத் தேடவில்லை, விரல் நேராக அதன்மேல் போனது. தட்டு வெளியே வந்தது. முகத்தில் விரல் படாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கித் திருப்பிப் போட்டு, உள்ளே தள்ளினாள். பொழுதுக்கும் அந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்த அம்மாவைச் சோபனா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நிக்கல தம்பி" என்றாள் கலைமணி. "ஒரு பக்கந்தான் முடிஞ்சிருக்குது."

"நேரம் ஆவுதுங்க அண்ணி."

"ஆவட்டும். இந்தப் பக்கமும் முடியட்டும், அப்பறம் தூக்குங்க."

சொல்லிவிட்டுத் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். திரையில் தண்ணீர் மறுபடியும் வந்தது. சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு துண்டைப் போட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

"நீங்களும் கொஞ்சம் உக்காருங்க" என்றார் அவர்களில் ஒருவர். "மறைக்குது."

வெங்கடாசலம் உட்கார்ந்தார்.