ஈரக் கரண்டி

அடுப்பருகே காயவைத்திருந்த மரக்கரண்டியை எடுக்க சவேதா குனிந்தபோதுதான் அது டப்பென்று வெடித்தது. காம்பிலிருந்து குழி வரை ஒரே கீறல்.

சித்தி திதினா எட்டிப் பார்த்தாள். "கட்டையோட நடுவுல இருக்கிற மெத்துத்தண்டை எடுக்காமலே செதுக்கினியாடி? முப்பது வருஷமா உங்கப்பா செதுக்கின கரண்டியத் தேய்க்கிறவ, இதுகூடத் தெரியாதா?"

"தேய்க்கத்தான் தெரியும், சித்தி. அப்பா என்னைக்கு எங்கிட்ட கத்தியக் குடுத்தாரு?"

"வர்றவங்களுக்குக் குடுக்கக் கடையில வாங்கினது கட்டுக்கட்டா இருக்கு. அதுல ஒண்ணை எடு. பாதிரியார் வர ஒரு மணி நேரந்தான் இருக்கு."

கரண்டி செதுக்கியே வாழ்ந்தவருக்குக் கடைக் கரண்டியா என்று சவேதா கோடரியை எடுத்தாள். கூடத்தில் அப்பா நியாகு சவப்பெட்டிக்குள் கிடந்தார். பெட்டி வாசலைத் தாண்டுமுன் அதன் குறுக்கே சூப் ஊற்றிய முதல் கிண்ணமும் கரண்டியும் கைமாற வேண்டும். வாங்குகிறவர் அங்கேயே சாப்பிடுவார். செத்தவருக்கு அதுதான் போய்ச் சேரும். மிச்சம் வைத்தால் அங்கேயும் அரைவயிறுதான்.

முந்தாநாள் மதியம் அவர் பீன்ஸ் சூப் கேட்டார். "இருங்கப்பா, துணியக் காயப்போட்டுட்டு வரேன்" என்று போனாள். திரும்பி வந்தபோது அவர் கண்கள் திறந்தபடி நிலைத்திருந்தன. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கொல்லையில் இன்னொரு பாப்லர் மரக்கட்டையைப் பிளந்தாள். இந்தமுறை நடுவைக் கோடரியால் சீவி எறிந்தாள். வளைந்த கத்தி குழிக்குள் போகாமல் வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டாள். குழி ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேடாகவும் வந்தது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். ஈர மரத்தில் அது ஓடவில்லை, மாவாகி அப்பிக்கொண்டது. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

தேவாலய மணி அடித்தது.

வழக்கப்படி வலப்பக்கத்து வீட்டுக்குத்தான் முதல் கிண்ணம். அந்த வீடு த்ரீஃபுவினுடையது. அவரும் கரண்டி செதுக்குகிறவர். பதினோரு வருஷமாக அப்பாவோடு பேச்சு கிடையாது. சவேதா பெட்டியின் குறுக்கே கிண்ணத்தையும் கரண்டியையும் நீட்டினாள். அவர் வாங்கிக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு செதுக்கினது?"

"நான்தான், மாமா."

"தெரியுது. நியாகு பாத்திருந்தா அடுப்புல வச்சிருப்பான்."

பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள். த்ரீஃபு ஒரு வாய் எடுத்தார். தடித்த விளிம்பு வாய்க்குள் நுழையவில்லை. இரண்டாவது வாயில் முகம் சுளித்தார். கீழுதட்டில் மரச்சிராய் குத்தி இரத்தம் துளிர்த்தது.

அவர் கரண்டியைக் கீழே இறக்கினார். மிச்சம் வைத்துவிடுவாரோ என்று சவேதா கிண்ணத்தையே பார்த்தாள்.

"அதை விட்டுருங்க, இதுல சாப்பிடுங்க" என்று சித்தி கடைக் கரண்டியை நீட்டினாள்.

த்ரீஃபு அவள் கையை விலக்கினார். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். பாதிரியார் புத்தகத்தைத் திறந்தபடி காத்திருந்தார். பெட்டியைத் தூக்க வந்த நான்கு பேரும் காத்திருந்தார்கள். கிண்ணத்தின் அடியில் மரம் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியது.