பதினாறு அடி மேடை

பிரமிளாவுக்கு இருபத்தொன்பது வயது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பதினொரு குத்துச்சண்டைகளில் ஒன்பதை ஜெயித்திருந்தாள். ஆனாலும் அவள் பெயரைச் சொன்னால் ஜார்ஜ் டவுனில் கொட்டாவி விட்டுக் காட்டுவார்கள். எதிராளி நெருங்கினால் விலகுவாள், அசந்த நேரம் ஒரு குத்து விடுவாள், மறுபடி விலகுவாள். ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டுவிட்டு, திங்கட்கிழமை முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் வேலைக்குப் போவதில் அவளுக்குப் பெருமை.

அலோர் ஸ்டாரிலிருந்து வரும் ரொஸ்னாவும் அதே ரகம்தான். சென்ற வருடம் இருவரும் மோதியபோது, மற்றவள் முதலில் வரட்டும் என்று ஆறு ரவுண்டும் காத்திருந்தார்கள். பாதிக் கூட்டம் சாப்பிடப் போய்விட்டது.

இந்த முறை இருவருக்கும் ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவுக்குப் பக்கத்து மண்டபத்தில் சண்டை. மேடையைப் பார்த்ததும் பிரமிளா நின்றுவிட்டாள்.

"மாஸ்டர், இது சின்னதா இருக்கு."

பயிற்சியாளர் சந்திரசேகரன் நடந்து அளந்தார். வழக்கமான இருபது அடி இல்லை, பதினாறுதான்.

போட்டியை நடத்தும் கிஷன் சிரித்தார். "ரூல்ல இடம் இருக்குலா. நீங்க ரெண்டு பேரும் ஓடிக்கிட்டே இருந்தா யாரு டிக்கெட் வாங்குவா?"

"முன்னாடியே சொல்லலையே அண்ணே" என்றாள் பிரமிளா.

"சொன்னா வந்திருப்பியா?"

கிஷனிடம் மூன்று சண்டைகளுக்கு அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். இது முதலாவது.

மணி அடித்தது. பிரமிளா இரண்டு எட்டு பின்வாங்கினாள். மூன்றாவது எட்டில் முதுகில் கயிறு இடித்தது. பக்கவாட்டில் நகர்ந்தால் மூலை. ரொஸ்னாவின் வலது கை கன்னத்தில் இறங்கியது. அப்படி ஒரு குத்து வாங்கி வருடக்கணக்காகியிருந்தது.

"வெளிய வாமா!" என்று மாஸ்டர் கத்தினார்.

வெளியே என்று ஓர் இடமே இல்லை. நின்ற இடத்திலிருந்தே ரொஸ்னாவின் விலாவில் மாறி மாறிக் குத்தினாள். மூன்றாவது ரவுண்டில் ரொஸ்னா முட்டி போட்டு, எட்டு எண்ணும்போது எழுந்தாள். நான்காவதில் பிரமிளாவின் கால்கள் துவண்டன. ஜனங்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். கடைசி ரவுண்டில் இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டி, தடுக்காமலே அடித்துக்கொண்டார்கள்.

முடிவு சமநிலை.

உடை மாற்றும் அறையில் ஒரே பெஞ்சில் இருவரும் முகத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரமிளாவின் இடது கண் பாதி மூடியிருந்தது.

"இனிமே அந்த மேடையில ஏற மாட்டேன்" என்றாள் ரொஸ்னா மலாயில்.

"நானும்தான். ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடுவோம்."

ரொஸ்னா தலையசைத்தாள்.

கிஷன் வேர்த்து வழிய உள்ளே வந்தார். "டிசம்பர்ல மறுபடி. இதே மேடைதான்."

"இருபது அடி மேடை போட்டாத்தான் ரெண்டு பேரும் வருவோம் அண்ணே."

அவர் ரொஸ்னா பக்கம் திரும்பி, அவள் வருவாளா என்று மலாயில் கேட்டார். வெளியே கூட்டம் இன்னும் இருவர் பெயரையும் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. ரொஸ்னாவின் பெயரை அதுவரை எந்தக் கூட்டமும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் ஐஸ் பையை மடியில் இறக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வர்றேன்" என்றாள், பிரமிளா பக்கம் திரும்பாமல்.

பிரமிளா ஐஸ் பையைப் பெஞ்சில் வைத்தாள். கிஷன் காத்திருந்தார்.

"சரி அண்ணே."

மறுநாள் வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் ஆயிஷா போனில் சண்டையின் வீடியோவைப் போட்டுக் காட்ட, மேசையைச் சுற்றி எல்லாரும் கூடிவிட்டார்கள். பிரமிளாவும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

ஐந்தாவது ரவுண்டில் ரொஸ்னா சறுக்கி ஒரு பக்கம் சாய்ந்தாள். மூலையில் நின்ற பிரமிளாவுக்கு இடது பக்கம் வழி முழுக்கத் திறந்து கிடந்தது. நகர்ந்திருந்தால் போதும், மூலையிலிருந்து வெளியே வந்திருக்கலாம். திரையில் அவள் கால்கள் அந்தப் பக்கம் போகவில்லை. நேரே ரொஸ்னாவை நோக்கித்தான் போயின.

"இன்னொரு தடவை போடவா அக்கா?" என்று கேட்டாள் ஆயிஷா.

"வேண்டாம்லா" என்று சொல்லிவிட்டு, பிரமிளா வீங்காத பக்கமாகச் சோற்றை மென்றாள்.