சாமி பக்கத்தையும் எண்ணவும்

சித்தூரில் மார்ச் ஐந்தாம் தேதிக்கு மறுநாள் ஜூன் ஐந்தாம் தேதி வந்தது. சுரேஷ்பாபு அச்சகத்தின் தினசரி காலண்டர் திருப்பதி வரைக்கும் வீடு வீடாகத் தொங்கியதால் அத்தனை ஊருக்கும் அதே கதி. இளநீர் விலை ஏறியது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுதாமலே விடுமுறைக்குப் போனார்கள், அவர்கள் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. கங்காதர நெல்லூர்த் தோப்புகளில் மாங்காய் ஒரே ராத்திரியில் சிவந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கொட்டை கட்டவில்லை. மாம்பழக் கூழ் ஆலைக்காரர்கள் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். காலண்டரில் எட்டு நாள் ஒரே பெரிய தாளில் அச்சாகும். வெட்டி அடுக்கும்போது வரிசை சரியாக வரவேண்டுமென்றால் கணினியில் பக்கங்களை முன்பின்னாக மாற்றி வைக்க வேண்டும். கையால் செய்தால் உயிரை வாங்கும் அந்த வேலைக்கு கோகுலகிருஷ்ணன் என்பவன் ஒரு மென்பொருள் கருவி எழுதினான். எந்தப் பக்கம், எதற்குப் பின்னால் என்று எண்ணைத் தட்டினால் தானே நகர்த்திவிடும். எழுதின கையோடு ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதை எப்படி ஓட்டுவது என்று தமிழிலும் தெலுங்கிலும் குறிப்பு எழுதும் பொறுப்பு, அங்கே டைப் அடிக்கும் ரேகாவின் தலையில் விழுந்தது. அவள் பாதி எழுதுவதற்குள் முதலாளி சுரேஷ்பாபு தானே ஓட்டிப் பார்த்தார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஜூன் ஐந்திலிருந்து அந்த மாதம் முழுக்க மார்ச்சுக்குள் வந்து உட்கார்ந்தது. கையால் இழுத்தால் நகரவில்லை. கருவி தொட்ட பக்கம் கருவிக்குத்தான் கட்டுப்பட்டது.

ரேகா ஆறு மாத கர்ப்பிணி. திருப்பதி டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாள் ஜூன் பன்னிரண்டு. ஜூன் ஐந்து விடிந்தபோது அவளுக்கு ஒன்பது மாத வயிறு. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, குழந்தை பார்வைக்குத்தான் முழுசு, நுரையீரல் இன்னும் ஆகவில்லை, இப்போது பிறந்தால் மூச்சு விடாது என்றார். ரேகாவுக்குக் கொட்டை கட்டாத அந்த மாங்காய் நினைவுக்கு வந்தது. கோகுலகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள். "கருவி கரெக்டாத்தான்கா கீது, நம்பர் பாத்து அடிங்க" என்று வைத்துவிட்டான்.

ஜூன் பத்தாம் தேதி சாயங்காலம் அச்சகத்தில், பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை மட்டுமாவது பின்னுக்குத் தள்ளிவிடலாம் என்று எண்ணைத் தட்டினாள். திரையில் பதினொன்று காணாமல் போனது. பத்துக்கு அடுத்துப் பன்னிரண்டு நின்றது. விடிந்தால் பிரசவம்.

"அத்த உட்டுட்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்," என்று கெஞ்சினான் அவள் புருஷன் சாய்குமார்.

"அங்க போயி இன்னா பண்றது? விடிஞ்சா அங்கயும் பன்னெண்டுதான்."

மறுபடி தட்டப்போன விரல் நின்றது. ஏன் ஒன்று தள்ளியே விழுகிறது? காலண்டரின் முதல் தாள் பெருமாள் படம். அந்த அச்சகத்தில் அதை யாரும் எண்ணுவதில்லை. சாமிக்கு நம்பர் போடுவது அபசாரம், ஜனவரி ஒன்றுதான் முதல் பக்கம் என்பது முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். கருவிக்கு ஏது பக்தி? அது பெருமாளையும் ஒரு பக்கமாக எண்ணிவிட்டது.

பெருமாளையும் சேர்த்து எண்ண சுரேஷ்பாபு ஒப்பவில்லை. "சாமியப் போயி வரிசைல நிக்க வெக்கிறதாம்மா?"

"ஊரையே வரிசைல நிக்க வெக்கிறாரே அண்ணா, ஒரு தபா அவரும் நிக்கட்டும்," என்றாள் ரேகா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஒன்றைக் கூட்டித் தட்டினாள். காணாமல் போன பதினொன்றும், மிச்சமிருந்த ஜூனும் மே மாதத்துக்குப் பின்னால் போய் ஒழுங்காக உட்கார்ந்தன. பன்னிரண்டை மட்டும் ஜூலை ஏழுக்குப் பின்னால் வைத்தாள். பறிபோன நாட்களுக்கு ஈடாகக் குழந்தைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும் என்று பெற்ற மனம் கணக்குப் போட்டது.

காலையில் சாய்குமார் பால்காரரிடம் தேதி கேட்டான். மார்ச் ஆறு என்றார். ரேகாவின் வயிறு ஆறு மாதத்துக்கு இறங்கியிருந்தது. தோப்பில் மாங்காய் பச்சைக்குத் திரும்பியது. பிள்ளைகள் அழுதுகொண்டே பரீட்சைக்குப் போனார்கள்.

ஜூலை ஏழுக்கு மறுநாள், ஜூன் பன்னிரண்டாம் தேதி, பிரித்திகா பிறந்தாள். பிறந்ததும் அவள் போட்ட சத்தத்தில் டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். பிறப்புச் சான்றிதழ் கொடுத்த குமாஸ்தா தலை நிமிராமல் தேதியை எழுதினார்.

ரேகா குறிப்பை முடித்துக் கொடுத்தாள். அவள் மனசில் நின்றது பன்னிரண்டை ஜூலைக்குத் தள்ளிய அந்த ஒரு நகர்த்தல்தான், அதையே உதாரணமாகப் போட்டாள். அவளுக்குப் பின் வந்தவர்கள் குறிப்பைப் படிக்கிறவர்கள் அல்ல, உதாரணத்தைப் பார்த்து அப்படியே தட்டுகிறவர்கள். அதனால் சித்தூரில் வருஷா வருஷம் ஜூன் பன்னிரண்டு ஜூலையில்தான் வருகிறது. அன்றுதான் பள்ளிக்கூடம் திறக்கிறது, ஊருக்குப் பழகிவிட்டது. ரேகா மட்டும், பன்னிரண்டு பழைய இடத்துக்கே வந்துவிடுமோ என்று, ஜூன் பதினொன்று ராத்திரி குழந்தையின் மார்பில் கை வைத்தபடியே படுத்திருக்கிறாள். விடிந்து, பதின்மூன்று என்று தெரிந்த பிறகுதான் கையை எடுக்கிறாள்.