கடாவின் தலை

வெண்டலீனுக்கு வலது தோள் இற்று விழுந்துவிடும் போல வலித்தது. வாரம் முழுக்கக் குதிரையோடு குதிரையாகச் சரிவில் மரம் இழுத்த தோள். இன்று அதன் மேல் ஒரு சாக்கு, சாக்குக்குள் கொம்போடு ஒரு கடாவின் தலை. பனி உருகிச் சேறான பாதையில் பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்குவதற்குள் கொம்பு முதுகைப் பதம் பார்த்துவிட்டது.

பஸ் டிரைவர் சாக்கைப் பார்த்தான். "என்னய்யா அது, ரத்தம் ஊறுது?"

"தலை."

"யாரோடது?"

"ஃப்ளோரியானோட கடா."

"கடாவா? நான் ஃப்ளோரியானோடதுன்னுல்ல நெனச்சேன். பின்னாடி போ. சீட்டுல பட்டுச்சுன்னா நீதான் தொடைக்கணும்."

வெண்டலீன் பின்னால் போய்ச் சாக்கைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆட்டு மூளையைச் சோதித்து, நோய் இதில்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும்.

நோய் அவன் அண்ணன் இக்னாஸுக்கு. கிறிஸ்துமஸுக்குப் பிறகு நடக்கும்போது ஒருபக்கமாக இழுத்தது. காலையிலேயே ஊற்றிக்கொள்கிறான் என்று சாராயக்கடையில் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் குதிரைக்குக் கழுத்துப்பட்டை மாட்டப் போனவன் அதைத் தலைகீழாகக் கையில் பிடித்தபடி நின்றான், அடுத்து என்ன என்று தெரியாமல். இப்போது படுக்கையில் கிடக்கிறான். கதவை அறைந்து சாத்தினால் உடம்பு முழுக்கத் துள்ளி அடங்குகிறது.

அந்த மலையில் இதைச் 'சாய்ஞ்சுட்டான்' என்பார்கள். கோடரி படாமலே சாயும் மரத்தைச் சொல்வது போல. வெண்டலீனின் அம்மாவும் சாய்ந்துதான் போனாள். பக்கவாதம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

மலையில் ஆடு அறுத்தால் மூளையை வெங்காயமும் முட்டையும் போட்டு வதக்கி வீட்டின் மூத்த ஆணுக்குத்தான் வைப்பார்கள். அப்பா போனபின் அது இக்னாஸின் தட்டுக்குப் போனது. வெண்டலீன் ஒருமுறைகூட நாக்கில் வைத்ததில்லை. அவன் மகள் ஜொலானாவும் வைத்ததில்லை. அப்படியென்றால், நோய் ஆட்டிலிருந்து வந்திருந்தால், அது இக்னாஸோடு முடிந்தது. ஜொலானா தப்பித்தாள். அவள் வயிற்றில் இருப்பதும் தப்பித்தது. ரத்தத்தில் வருகிற நோயாகவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா அண்ணன் தம்பி இருவரிடமும் ரத்தம் எடுத்திருந்தாள். அந்தப் பேச்சை வெண்டலீன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுக்கு ஆடு வருவது ஃப்ளோரியானின் மந்தையிலிருந்து. அவன் கடா குளிர்காலம் முழுக்க வேலியில் உரசி உரசி மயிர் உதிர்ந்து நின்றது. மூளையில் நோய் கண்ட ஆடு அப்படித்தான் உரசும் என்பார்கள். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

நேற்றுச் சாயங்காலம் கேட்காமல் கொள்ளாமல் பட்டிக்குள் போய்க் கோடரியால் ஒரே போடு. ஃப்ளோரியான் பால்வாளியோடு ஓடி வந்து நின்றான்.

"என்னடா பண்ணிட்டே?"

"உன் ஆடுதாண்டா எங்கண்ணனைச் சாய்ச்சது."

"உங்கம்மாவையும் என் ஆடுதான் சாய்ச்சுதா? அப்ப எங்கப்பன்கிட்ட ஒரு கோழிகூடக் கெடையாதேடா."

வெண்டலீன் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெட்விகா சாக்கைத் திறந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு காதுக்குப் பின்னால் மயிரை விலக்கினாள்.

"இது சொறி மாதிரி இருக்கு, வெண்டலீன். பூச்சி. எதுக்கும் கால்நடை டாக்டர்கிட்ட அனுப்பறேன்."

"மூளையைப் பாருங்க டாக்டரம்மா. நோய் மூளையிலதான இருக்கும்?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "உங்க ரெண்டு பேர் ரத்தச் சோதனை முடிவு தலைநகர்லேர்ந்து வந்துடுச்சு. உங்களோடதைச் சொல்லவா, வேண்டாமா? உங்க விருப்பம்."

"மரம் எந்தப் பக்கம் விழும்னு தெரிஞ்சா மறைக்கக் கூடாது. சொல்லுங்க."

"அண்ணனுக்கு இருக்கு. உங்களுக்கும் இருக்கு."

எல்லார் மூளையிலும் இருக்கிற ஒரு புரதத்தைப் பற்றிச் சொன்னாள். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு மரபணு சொல்கிறது. அவர்கள் குடும்பத்தில் அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது. அதனால் என்றாவது ஒருநாள் அந்தப் புரதம் கோணலாக மடங்கும். மடங்கியது பக்கத்தில் இருப்பதையும் மடக்கும். வெண்டலீனுக்குப் புரிந்தது. சரிவில் அடுக்கிய மரத்தில் ஒன்று நழுவினால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எனக்கு எப்ப?"

"தெரியாது. நாளைக்கும் இருக்கலாம், கிழவனான பிறகும் இருக்கலாம்."

"மகளுக்கு?"

"பாதிக்குப் பாதி. அவளுக்கு வந்திருந்தா, அவ குழந்தைக்கும் அதே பாதிக்குப் பாதி."

"மருந்து?"

"இல்ல."

வெண்டலீன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஆடுதான்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க டாக்டரம்மா. எம்மக முழுகாம இருக்கா. அவ படிக்க வேண்டாம், உங்க முத்திரையைப் பார்த்தாப் போதும் அவளுக்கு."

"எழுத மாட்டேன்."

"உங்களுக்கு என்ன நஷ்டம்? ஆடு என்ன, கோர்ட்டுக்கா போகப்போகுது?"

"நீங்க வீட்டுல என்ன சொல்றீங்கங்கறது உங்க பாடு. நான் எழுத மாட்டேன். மகளைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்."

திரும்பும்போதும் அதே டிரைவர். "தலை எங்கய்யா?"

"அங்கேயே விட்டுட்டேன்."

"உன்னோடதையும் சேர்த்தா? மூஞ்சி அப்படி இருக்கே."

மலை ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டான். காகிதம் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறது. ஆடுதான் என்று சொல்லிவிடுவான். அவள் பெற்றெடுக்கட்டும். பிறகு எது வந்தாலும் வரட்டும்.

முற்றத்தில் விறகுக்கட்டை மேல் ஃப்ளோரியான் உட்கார்ந்திருந்தான். சண்டைக்கு வந்தவன் போலத் தெரியவில்லை. தொப்பி மடியில் கிடந்தது. உள்ளே ஜொலானா பெரியப்பனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள், காலடி கேட்டு, கையில் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னப்பா சொன்னாங்க? ஆடுதானா?"

வெண்டலீன் வாயைத் திறந்தான். அதற்குள் ஃப்ளோரியான் எழுந்தான்.

"இரு. நீ சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. என் ஆடுதான்னா நாளைக்கே மொத்த மந்தையையும் என் கையால அறுத்துக் குழியில தள்ளிடறேன். பாலாடைக்கட்டியையும் சேர்த்து. சனங்களுக்கு விஷம் வித்துச் சோறு திங்க மாட்டேன். உன் வாய்ச்சொல் போதும் எனக்கு. சொல்லு."

கீழே பட்டியில் ஆடுகள் கத்தின. குட்டி போடும் காலம். ஃப்ளோரியானுக்கு அந்த மந்தையை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது. ஜொலானாவும் பார்த்துக்கொண்டே நின்றாள். வெண்டலீன் பட்டிப் பக்கம் திரும்பினான். சொல்ல நினைத்தது வரவில்லை.

"ஆடு இல்ல," என்றான்.

ஜொலானா கரண்டியைக் கிண்ணத்துக்குள் மெதுவாக வைத்தாள். "உங்களுக்கும் இருக்காப்பா?"

ஆமென்று அவன் தலையை ஆட்டினான். அவள் ஒரு கையால் நிலைக்கதவைப் பிடித்தாள். அழுவாள் என்று நினைத்தான். "பெரியப்பாவுக்குக் கஞ்சி ஆறுது," என்று உள்ளே போய்விட்டாள். கரண்டி கிண்ணத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

ஃப்ளோரியான் தொப்பியை மாட்டினான், கழற்றினான். "நான் உங்கம்மாவைப் பத்திச் சொன்னது..."

"சரியாத்தான் சொன்னே."

"அந்தக் கடாவை விடு. சொறி புடிச்சது."

"சொறின்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆட்டுக்காரனுக்குத் தெரியாதா? நேத்து நீ கேக்கற நெலமையிலயா இருந்தே."

"விட முடியாதுப்பா. ஒரு கடா தரணும் உனக்கு. கை கால் நல்லா இருக்கும்போதே தந்துடறேன்."

ஃப்ளோரியான் தொப்பியை மாட்டிக்கொண்டான். பட்டியைப் பார்த்து இறங்கிப் போனான். வெண்டலீன் முற்றத்திலேயே நின்றான். உள்ளே போகக் கால் வரவில்லை. அது பயத்தாலா, நோய்தான் தொடங்கிவிட்டதா என்று யோசித்தான்.

ஃப்ளோரியானுக்கு ஒரு கடா பாக்கி.